தொட்டிக்குள் ஒரு மரம்

சென்னையில் வண்ண மீன் தொழில் என்றால் கொளத்தூர்தான். மொட்டை மாடியிலும் கொல்லையிலும் சிமென்ட் தொட்டி கட்டி, கப்பி, மோலி, ஏஞ்சல், ஃபைட்டர் என்று குஞ்சு எடுத்து விற்கும் குடும்பங்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. நானும் அந்தத் தெருக்களில்தான் தொழில் பழகினேன். ஆனால் என் வேலை மீன் வளர்ப்பது அல்ல. வீடு வீடாகப் போய்த் தொட்டி அமைத்துக் கொடுப்பது. அதிலும் வேர்க்கட்டையை நிறுத்தி, அதன்மேல் செடி பிடிக்கவைக்கும் வேலைக்குத்தான் என்னைத் தேடுவார்கள்.

தச்சர் செய்த நாற்காலி ஆடினால் உட்கார்ந்தவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிடும். தொட்டிக்குள் நிறுத்திய கட்டையில் கோளாறு இருந்தால், அது வெளியே தெரிய மூன்று வாரம் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். அப்போது நான் அங்கே இருக்க மாட்டேன். வீட்டுப் பாட்டியோ, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையோதான் இருப்பார்கள். ஆகவே, நான் படியிறங்கிப் போன பிறகும் அது தானாக நிற்க வேண்டும். என்றைக்காவது எடுக்க வேண்டி வந்தால், வீட்டில் இருப்பவர்களே எடுக்கும்படியும் இருக்க வேண்டும். அழகெல்லாம் இந்த இரண்டுக்கும் அப்புறம்தான். இதைச் சொன்னால் வாடிக்கையாளர்களுக்கு முதலில் ரசிக்காது.

அவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு படத்தோடு வருகிறவர்கள். பச்சைப் பாசி போர்த்திய கட்டை, அதன் நிழலில் நூறு டெட்ரா மீன்கள், பின்னால் மூடுபனி மாதிரி ஒரு வெளிச்சம். அந்தப் படங்களின் தொடக்கம் ஜப்பானின் நீகாத்தாவில் 1954-ல் பிறந்த தகாஷி அமானோ என்ற புகைப்படக்காரரிடம் இருக்கிறது. 1982-ல் அவர் தொடங்கிய ஏ.டி.ஏ. நிறுவனம்தான் செடியும் கட்டையும் கல்லும் சேர்ந்த தொட்டியை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 2015-ல் அவர் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, லிஸ்பன் ஓசியனேரியத்தில் 40 மீட்டர் நீளத்தில் 1,60,000 லிட்டர் கொள்ளும் ஒரு நன்னீர்க் காட்டை அமைத்து முடித்தார். அந்தப் படத்தைக் காட்டி, "ரெண்டடி டேங்க்ல இதே மாதிரி பண்ணிடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. பண்ணலாம்தான். ஆனால் அந்தக் கட்டைகள் எத்தனை நாள் ஊறின, அடியில் எதன்மேல் நிற்கின்றன, பின்னாலிருந்து எத்தனை பேர் பராமரிக்கிறார்கள் என்பது படத்தில் வராது. என் வேலையில் முக்கால்வாசி படத்தில் வராத அந்தப் பகுதிதான்.

கடைகளில் பெரும்பாலும் மூன்று வகைக் கட்டை கிடைக்கும். மலேசியன் என்று சொல்லப்படுவது கருமையும் கனமுமானது. பல துண்டுகள் போட்ட உடனே மூழ்கிவிடும். மொப்பானி, ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் வளரும் மொப்பானே மரத்தின் கட்டை. ஒரு பக்கம் வெளிறி வழவழப்பாகவும் மறுபக்கம் கரடாகவும் இருக்கும். அதுவும் மூழ்கும், ஆனால் சாயத்தை மாதக்கணக்கில் விட்டுக்கொண்டே இருக்கும். மூன்றாவது ஸ்பைடர் வுட். விரல் விரலாகக் கிளை பிரிந்து, அப்படியே ஒரு மொட்டை மரம் போல நிற்கும். பார்க்கிறவர்கள் முதலில் கை வைப்பது அதன்மேல்தான். மூன்றில் அதிகம் மிதப்பதும், அதிகம் வெள்ளைப் படலம் கட்டுவதும் அதுவேதான்.

எந்தக் கட்டையானாலும் வாங்கும் முன் நகத்தால் அழுத்திப் பார்ப்பேன். நகம் இறங்கினால் வேண்டாம். உள்ளே மக்கியிருக்கிறது என்று அர்த்தம். மோந்து பார்ப்பேன். பிசின், பெயின்ட், டீசல் வாடை எது வந்தாலும் திருப்பி வைத்துவிடுவேன். காய்ந்த கட்டைக்கு வாடையே இருக்கக் கூடாது.

காசில்லாமல் கிடைக்கும் கட்டையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. அதற்குப் பின் வந்த வாரங்களில் பலர் தெருவில் விழுந்த மரத்தின் வேரை வெட்டி எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார்கள். பச்சை மரத்தைத் தொட்டியில் போட முடியாது. அதன் சாறும் சர்க்கரையும் தண்ணீரில் புளிக்கும். பாக்டீரியா பெருகித் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். பட்டையை முழுக்க உரித்து, மழை படாத இடத்தில் ஓராண்டாவது காயப் போட வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம். ஒரு பெரியவர் வேப்பங்கட்டை கொண்டுவந்திருந்தார்.

"வேம்பு கிருமிநாசினி தம்பி. மீனுக்கு நோயே வராது."

"ஐயா, பூச்சியைக் கொல்ற சத்து மீனையும் விடாது. இது வேணாம்யா."

அவருக்கு மனசில்லை. ஆனால் உண்மை அதுதான். வேம்பின் சத்து நீர்வாழ் உயிர்களுக்கு ஆகாது. அரளியையும் கள்ளியையும் தொடவே கூடாது. கள்ளிப்பாலைக் கொண்டு மீனை மயக்கிப் பிடிக்கும் பழக்கமே உண்டு. யூகலிப்டஸில் எண்ணெய், பைன் வகைகளில் பிசின், அவையும் வேண்டாம். பழைய ஜன்னல் சட்டம், சரக்குப் பெட்டிப் பலகை போன்றவற்றில் பெயின்ட்டோ கரையான் மருந்தோ தாமிரம் கலந்த ரசாயனமோ ஏறியிருக்கும். தாமிரம் சொற்ப அளவு கசிந்தாலும் இறால் மிஞ்சாது. நம்மூர் மரங்களில் எனக்குப் பிடித்தது நன்றாகக் காய்ந்த கொய்யா. வைரம் பாய்ந்தது, அடிமரத்திலேயே முறுக்கு இருக்கும், பட்டையும் சுலபமாகக் கழன்றுவிடும்.

கடற்கரையில் ஒதுங்கிய கட்டையை எடுத்து வருபவர்களும் உண்டு. உப்பைப் போக்கலாம், நல்ல தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு மாற்றி மாற்றி ஊற்றினால் போய்விடும். ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டி எடுக்க வேண்டும், அது சுண்ணாம்பு. ஆனால் எண்ணெய் ஏறிய கட்டைக்கு மருந்தில்லை. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்ததற்குப் பிறகு, வடசென்னைக் கரையில் பொறுக்கிய கட்டையை நான் வாங்குவதில்லை. காட்டுக்குள் ஓடும் ஆற்றில் கிடப்பதை எடுப்பது வேறு பிரச்சினை. மிதந்து வந்து கரை ஒதுங்கும் மரத்துக்கென்றே 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தில் தனி அத்தியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு 1882 முதல் தனி வனச் சட்டமும் இருக்கிறது. கொல்லிமலைக்கோ டாப்ஸ்லிப்புக்கோ சுற்றுலா போய், காரில் வேர் ஏற்றி வராதீர்கள்.

கட்டை கைக்கு வந்ததும் முதல் வேலை தேய்த்துக் கழுவுவது. சோப்பு கூடாது, மரம் சோப்பைக் குடித்து வைத்துக்கொண்டு பிறகு தொட்டியில் கக்கும். நார் பிரஷ் போதும். அடுத்தது கொதிக்கவைப்பது. அண்டாவில் கொள்ளும் கட்டையை ஓரிரு மணி நேரம் கொதிக்கவைத்தால் பூஞ்சையும் பூச்சி முட்டையும் சாகும், சாயமும் ஒரு பங்கு இறங்கும். நாள் முழுக்க வேகவைத்தால் நார் தளர்ந்து கட்டை சீக்கிரம் மக்கும். பெரிய கட்டையானால் ஒரு டிரம்மில் நிறுத்தி, கொதிநீரைத் திரும்பத் திரும்ப ஊற்றுவேன். சமையலுக்குப் புழங்கும் பாத்திரத்தில் வேகவைக்க வேண்டாம் என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிடுவேன்; சொல்லாவிட்டாலும் அந்த வீட்டு அம்மா விடமாட்டார்கள்.

பிறகு ஊறல். இங்கேதான் பொறுமை கழன்றுபோகும். மிதக்கும் கட்டை தானாக மூழ்க வாரங்கள் ஆகும். சில கட்டைகள் மாதங்களும் எடுத்துக்கொள்ளும். தண்ணீர் தேநீர் நிறமாகும். அது டானின். மீனுக்குக் கேடில்லை, கொஞ்சம் அமிலத்தன்மை ஏற்றும், ஃபைட்டரும் டெட்ராவும் ஏஞ்சலும் அதில் தெம்பாகவே இருக்கும். ஃபைட்டர் வளர்ப்பவர்கள் நாட்டு வாதுமைச் சருகைத் தொட்டியில் போடுவதும் இதற்காகத்தான். நிறம் பிடிக்காதவர்களுக்கு ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு பை வைத்தால் இழுத்துவிடும். சென்னை போர் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர். ஒரு கட்டையால் அதன் பி.எச். சட்டென்று சரிந்துவிடாது. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிற வீட்டில்தான் அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். அதில் தாங்கிப் பிடிக்க உப்புச் சத்து கிடையாது.

சில பகுதிகளில் ஊறும் டிரம் பழுப்பாக இல்லாமல் மை போலக் கறுத்துவிடும். கட்டை கெட்டுவிட்டது என்று பயந்து தூக்கிப் போடுவார்கள். கெட்டதல்ல. அந்த போர் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. இரும்பும் டானினும் சேர்ந்தால் கறுப்பு. அந்தக் காலத்தில் எழுதும் மை செய்ததே இந்தச் சேர்க்கையில்தான். அந்த வீட்டில் ஊறலுக்கு மட்டும் மெட்ரோ தண்ணீர் பிடிக்கச் சொல்வேன். இரும்பு ஆணி அடித்த கட்டையிலும் இதே கறுப்பு ஆணியைச் சுற்றித் தெரியும்.

ஊறிய கட்டையையும் நம்பி அப்படியே வைக்க மாட்டேன். இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். இரண்டு கிலோ எடையுள்ள காய்ந்த கட்டை மூன்று லிட்டர் இடத்தை அடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் அதை மூன்று கிலோ விசையில் மேலே தள்ளும். கட்டையின் எடை போக ஒரு கிலோ விசை மிச்சம். அந்த ஒரு கிலோவைக் கீழே பிடித்து வைக்க ஒரு கிலோ கல் போதும் என்று நினைப்பார்கள். போதாது. கல்லும் தண்ணீருக்குள் எடை இழக்கும். ஒரு கிலோ கிரானைட் உள்ளே போனதும் அறுநூற்றுச் சொச்சம் கிராம்தான் அழுத்தும். ஆகவே குறைந்தது ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வேண்டும். நான் இரண்டரை வைப்பேன். பாதுகாப்புக்காக அல்ல, பிடிவாதத்துக்காக என்று என் உதவியாளன் கிண்டல் செய்வான். நடுராத்திரியில் கட்டை பிடி விட்டு எழும்பி, ஹீட்டரையோ கண்ணாடியையோ இடித்தால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும்.

அடிப்பலகைக்கு நான் கேட்டு வாங்குவது கிரானைட் கடையில் கழித்துப் போட்ட துண்டு. ஓரடி நீளம், முக்காலடி அகலம், 18 மில்லிமீட்டர் கனம் உள்ள துண்டு மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும். சமையலறை அலமாரிக்குப் போடும் கடப்பாக்கல் கறுப்பாக, அழகாக, இன்னும் சல்லிசாகக் கிடைக்கும். வேண்டாம். கடப்பாக்கல் சுண்ணாம்புக் கல் இனம். மெல்லக் கரைந்து, ஏற்கெனவே கடினமான தண்ணீரை மேலும் கடினமாக்கும். எந்தக் கல்லானாலும் ஒரு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டுப் பார்க்கலாம். நுரைத்தால் சுண்ணாம்பு. சாதுவான கல் சும்மா கிடக்கும்.

கிரானைட்டில் வைர பிட்டால், தண்ணீர் ஊற்றிக்கொண்டே துளை போடுவேன். அடிப்பக்கத்தில் திருகின் தலை உள்ளே அமுங்கும்படி குடைந்துகொள்வேன். தலை வெளியே துருத்தினால் தொட்டியின் அடிக்கண்ணாடி மொத்த எடையையும் அந்த ஒரு புள்ளியில் தாங்க வேண்டிவரும். கட்டையில் முதலில் சிறு துளை போட்ட பிறகே திருகு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் விரிசல் விடும். திருகு எஸ்.எஸ். 316. பித்தளையில் தாமிரமும் துத்தநாகமும் இருக்கின்றன, ஜி.ஐ. திருகில் துத்தநாகம், இரண்டும் தொட்டிக்குள் போகக் கூடாது. ஒரு கட்டைக்கு இரண்டு திருகாவது வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் கட்டை அதையே அச்சாக வைத்துச் சுழலும். இப்படிக் கல்லோடு சேர்த்துப் பூட்டிய கட்டையை ஒரே பொருளாகத் தூக்கலாம், ஒரே பொருளாக இறக்கலாம். தொட்டிக்கு மருந்து போட வேண்டுமா, வீடு மாற வேண்டுமா, மொத்தமும் வெளியே வந்துவிடும்.

கட்டையைக் கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே செருகி நிறுத்துவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். திருகும் வேண்டாம், கல்லும் வேண்டாம், கச்சிதமாக நிற்கும். ஆனால் மரம் தண்ணீர் குடித்துப் பருக்கும். நார் ஓடும் திசையில் அவ்வளவு நீளாது, குறுக்கே பருக்கும். வேர்க்கட்டையிலோ நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பருக்கும் மரத்தின் அழுத்தத்துக்குக் கண்ணாடி வளைந்து கொடுக்காது. மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம் உள்ள தொட்டியில் ஏறக்குறைய 190 லிட்டர் தண்ணீர். அது மொத்தமும் ஹாலில் இறங்கினால் கீழ்வீட்டுக்காரருக்கும் பதில் சொல்ல வேண்டும். நாலு பக்கமும் இரண்டு விரல் இடைவெளி விட்டுத்தான் கட்டுவேன். கண்ணாடி துடைக்கும் காந்தம் தடையில்லாமல் சுற்றிவர அந்த இடைவெளி வேண்டும். காந்தம் போகாத மூலையில்தான் பாசி முதலில் பிடிக்கும்.

உருவம் கட்டுவது தொட்டிக்கு வெளியேதான். தொட்டியின் அடி அளவுக்கு ஒரு அட்டையை வெட்டித் தரையில் போடுவேன். முன்புறம், பின்புறம், ஃபில்டர் குழாய் வரும் இடம் எல்லாவற்றையும் அதில் குறித்துக்கொண்டு, அதன்மேல் கட்டைகளைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பேன். நடு மையத்தில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்கில் வைத்தால் கண் ஓடுவதற்கு இடம் கிடைக்கும். வேர் எல்லாம் ஒரே திசையில் இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தால் காற்றோ நீரோட்டமோ அப்படி வளர்த்தது போலத் தோன்றும். வீட்டுக்காரர்களை உட்காரவைத்து, அவர்கள் வழக்கமாக உட்காரும் சோபாவின் உயரத்திலிருந்து பார்க்கச் சொல்வேன். நின்று பார்த்து ரசித்த அமைப்பு உட்கார்ந்து பார்த்தால் மொட்டையாகத் தெரிவதுண்டு.

சிறு கிளைகளை ஒட்டுவதற்குச் சூப்பர் க்ளூ. சயனோஅக்ரிலேட் என்ற இந்தப் பசையை ஈஸ்ட்மன் கோடக்கில் ஹாரி கூவர் 1942-ல் கண்டார், 1958-ல் விற்பனைக்கு வந்தது. ஈரம் பட்டால் இறுகும் என்பதால் தண்ணீர் வேலைக்குத் தோதானது. இறுகிய பிறகு மீனுக்குத் தீங்கில்லை. இரண்டு கட்டைக்கு நடுவே இடுக்கு இருந்தால், பஞ்சோ டிஷ்யூ தாளோ திணித்து அதன்மேல் நீர்த்த பசையைச் சொட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். சில நொடிகளில் கல்லாக இறுகிவிடும். அந்த நொடிகளில்தான் கவனம் வேண்டும். பருத்தியும் இந்தப் பசையும் சேர்ந்தால் சூடு பறக்கும், புகை கிளம்பும், கண் எரியும், பசை அதிகமானால் தோல் வெந்துவிடும். துணிக் கையுறை போட்டுக்கொண்டு இந்த வேலை செய்வது விபத்தை வரவழைப்பது. நைட்ரைல் கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் வேண்டும்; சிறுபிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது. சிலிக்கான் பசை கண்ணாடிக்கு உயிர். ஈர மரத்தில் அது பிடிக்காது. கல்லுக்கும் கல்லுக்கும் போடுவதானால் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காததாகப் பார்த்து வாங்கி, வினிகர் வாடை அடங்கும் வரை காயவிட வேண்டும்.

பூட்டி முடித்ததும் பழைய நைலான் சாக்ஸ் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு கட்டை முழுக்கத் தடவுவேன். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே ஃபைட்டரின் வால் கிழியும். அந்த முனையைத் தேய்த்து மழுக்க வேண்டும். கண் பிதுங்கிய பிளாக் மூர் வளர்க்கும் வீட்டுக்குக் கிளை விட்ட கட்டையே வைக்க மாட்டேன். உருண்டைக் கட்டை ஒன்று போதும். பொந்துகளில் விரல் விட்டுப் பார்ப்பேன். மீன் நுழைந்து திரும்ப முடியாத பொந்தைப் பாசி வைத்து அடைத்துவிடுவேன்.

செடி நடும் கட்டம்தான் இந்த வேலையில் கைக்கு மிகவும் இதமானது. கட்டையில் வளரும் செடிகளுக்கு மண் வேண்டாம். மேற்கு, மத்திய ஆப்பிரிக்க ஓடைகளின் அனுபியாஸ், போர்னியோவின் புசிஃபலாண்ட்ரா, தென்கிழக்காசியாவின் ஜாவா ஃபெர்ன் மூன்றுமே இயற்கையில் பாறையையும் வேரையும் பற்றி வளர்பவை. அவற்றின் கிடைத்தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அழுகும். தண்டில் நாலைந்து இலை இருக்கும்படி துண்டுபோட்டு, பழைய வேரைச் சற்றே நறுக்கி, கட்டையின் கவட்டில் உட்காரவைத்துப் பருத்தி நூலால் இரண்டு சுற்று. சில வாரங்களில் நூல் மக்கிப் போகும். அதற்குள் வேர் பிடித்திருக்கும். அவசரமானால் ஜெல் பசை ஒரு கடுகளவு, அதுவும் வேரிலோ தண்டின் அடியிலோ மட்டும். குருத்தில் பட்டால் அந்தத் துண்டு போனது. வெளிச்சம் நேராக அறையும் உச்சியில் அனுபியாஸை வைக்கக் கூடாது. மெல்ல வளரும் இலை என்பதால் கருந்தாடிப் பாசி அதைத்தான் முதலில் பிடிக்கும். கிளையின் நிழல்தான் அதற்கு இடம்.

பாசிக்கு, அதாவது மாஸுக்கு, வேறு முறை. கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக நறுக்கி, அடியிலுள்ள கட்டை தெரியும் அளவுக்கு மெல்லிசாகப் பரப்பி, மீன் பிடிக்கும் நைலான் நரம்பால் சுற்றுவேன். கொத்தாக வைத்தால் அன்றைக்குப் பச்சையாக இருக்கும். அடியில் வெளிச்சமும் நீரோட்டமும் போகாமல் பழுத்து, ஒரு நாள் மொத்தமாகக் கழன்று ஃபில்டர் வாயில் அடைக்கும். வேலை முடியும் வரை தெளிப்பானால் ஈரம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சென்னை வெயிலில் ஃபேன் காற்று பட்டால் மாஸ் சீக்கிரமே சருகாகிவிடும். நத்தை ஒட்டியிருக்கும் செடிகளை முன்கூட்டியே படிகாரம் கரைத்த தண்ணீரில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசிக்கொள்வேன்.

கட்டையின் அடியைச் சுற்றி மணலில் நடுவதற்குக் கிரிப்டோகோரைன் நன்றாக அமையும். இலங்கை ஓடைகளும் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளும் அதன் பிறந்த வீடு. இடம் மாறினால் இலை முழுக்கக் கரைந்துவிடும் குணம் அதற்கு உண்டு. வேரைப் பிடுங்காமல் விட்டால் மறுபடி துளிர்க்கும். இதை முன்பே சொல்லிவைக்காவிட்டால் மூன்றாம் நாள் போன் வரும். நம்மூர்க் குளத்துக் கொட்டியின் இனமான அப்போனோஜெட்டனும் கட்டையின் பின்னால் அலையலையாக நிற்கும். மணலைக் கட்டைக்கடியில் குவித்துப் புதைக்கக் கூடாது. காற்றுப் புகாத ஆழத்தில் மரம் மக்கினால் அழுகிய முட்டை வாடையோடு ஹைட்ரஜன் சல்பைடு எழும்பும். முதலில் கல்லை அடிக்கண்ணாடியில் ஒரு மெல்லிய ஃபோம் ஷீட் மேல் இறக்கி, அப்புறம்தான் அதை மறைக்கும் அளவுக்கு மணல்.

தண்ணீர் ஊற்றும் முன் பிளக்குகளைப் பிடுங்குவது என் வழக்கம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். தொட்டிக்குள் கை போகும்போதெல்லாம் இதே விதி என்று ஒரு சீட்டில் எழுதி மூடியில் ஒட்டிவிட்டு வருவேன். ஒயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி ஒரு வளைவு எடுத்து மேலே ஏற வேண்டும். அப்போதுதான் ஒயர் வழியாக வடியும் தண்ணீர் வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் இறங்காது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவுத் தடுப்புச் சுவிட்ச், இல்லாத வீட்டில் எலக்ட்ரீஷியனை வரவழைத்த பிறகே ஹீட்டரை மாட்டுவேன். இன்னொன்று கை. சீவிய கட்டை குத்தும், கீறும். திறந்த காயத்தோடு தொட்டிக்குள் கை விட்டால் மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி ஏறி, விரலில் ஆறாத முடிச்சுகள் வரும். அதற்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டும். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு வரும் நோய் இது. கீறல் இருந்தால் முழங்கை வரை கையுறை போட்டே வேலை.

ஒரு தட்டை மணல்மேல் வைத்து, அதன்மேல் தண்ணீரை மெல்ல விட்டால் எதுவும் கலையாது. மெட்ரோ தண்ணீரானாலும் லாரித் தண்ணீரானாலும் குளோரின் போக ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட், போட வேண்டும். மீன் அன்றைக்கே வேண்டும் என்பார்கள். நான் தருவதில்லை. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் வேண்டும். கட்டைக்கும் அந்த வாரங்கள் தேவை.

ஏனென்றால் அந்த வாரங்களில்தான் வெள்ளைப் படலம் வரும். ஸ்பைடர் வுட் மேல் சளி மாதிரி, பஞ்சு மாதிரி ஒன்று போர்த்தும். மரத்தில் மிச்சமிருக்கும் சத்தைத் தின்னும் பூஞ்சையும் பாக்டீரியாவும் அது. பார்க்க அருவருப்பாக இருக்கும், தீங்கில்லை. சத்து தீர்ந்ததும் இரண்டு மூன்று வாரத்தில் தானே போய்விடும். மிக அதிகமானால் குழாயால் உறிஞ்சி எடுத்து, ஏர் பம்பைக் கூட்டி வைக்கச் சொல்வேன். கோடையில் தண்ணீர் முப்பது டிகிரியைத் தாண்டினால் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. மீன் விடும் காலம் வந்ததும் இறாலை விட்டால் மிச்சத்தை மேய்ந்துவிடும். "டேங்க் கிளீனர்" என்று விற்கும் சக்கர் மீனை இதற்காக வாங்க வேண்டாம் என்பேன். உள்ளங்கை அளவில் வாங்கியது ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் ஏரியில் விட்டுவிடுவார்கள். நம் ஏரிகளில் அது இப்போதே நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மரத்தைச் சுரண்டும் மீன்தான் வேண்டுமென்றால் சிறிதாகவே இருக்கும் பிரிசில்நோஸ் இருக்கிறது. முதல் மாதம் விளக்கு ஆறு மணி நேரம். அதற்குமேல் எரிந்தால் பாசிதான் சாப்பிடும்.

இத்தனையும் செய்து நிறுத்திய கட்டைக்கும் ஆயுள் உண்டு. வைரம் பாய்ந்த கட்டை பல ஆண்டு நிற்கும். மெல்லிய கிளைகள் அதற்கு முன்பே நொய்ந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை அழைப்பவர்களின் தொட்டியில் முதலில் செய்வது அதே நகச் சோதனைதான். நகம் இறங்கினால் புதுக் கட்டையை டிரம்மில் போடும் நேரம் வந்துவிட்டது. பழையது தொட்டியில் நிற்கும்போதே புதியது ஊறிக்கொண்டிருக்க வேண்டும். ஊறி முடிந்ததும் கல்லோடு பழையதை வெளியே தூக்கி, அதன்மேல் படர்ந்திருக்கும் அனுபியாஸைத் துண்டு துண்டாக நறுக்கிப் புதியதில் கட்டினால் போதும். அதற்குள் அது நாலு மடங்கு பெருகியிருக்கும். மிச்சத்தை வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். மீனைப் பிடிக்க வேண்டாம், தண்ணீரைக் கொட்ட வேண்டாம். கழற்றும்படி கட்டியதன் பலன் அந்த நாளில் தெரியும்.

"ஒரு மத்தியானத்துல முடிச்சிட்டீங்க, இவ்வளவு பில்லா?" என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. நிறுத்துவதற்கு ஒரு மத்தியானம் போதும்தான். ஆனால் என் ரசீதில் வேலை தொடங்கிய தேதி என்று நான் எழுதுவது அவர்கள் வீட்டுப் படியேறிய நாளை அல்ல. அந்தக் கட்டை டிரம்மில் இறங்கிய நாளை.